பழைய பேப்பருக்குப் போகாத தாள்கள்



நீலக் கோட்டுப் போட்ட ஒரு முயல் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். புத்தகக் கடையிலோ, குழந்தைகள் சாப்பிடும் தட்டிலோ, 2018ல் வந்த சினிமாவிலோ கண்ணில் பட்டிருக்கும். அந்த முயலுக்குப் பெயர் பீட்டர் ராபிட். அதைப் படைத்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற இங்கிலாந்துப் பெண்மணி.

குழந்தைக் கதை எழுதிய ஒரு அம்மாவுக்கும் டிப்ளமோ படிக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! சம்பந்தம் இருக்கிறது. அந்த அம்மா இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவர் யாருக்கும் புரியாத எழுத்தில் எழுதி வைத்திருந்த டைரியைப் படித்துக் காட்டியவர் ஒரு பொறியாளர். இலக்கியப் பேராசிரியர் இல்லை, துப்பறியும் அதிகாரியும் இல்லை. பாரம் தூக்கும் சாதனங்கள் செய்கிற கம்பெனிக்காரர். அவர் கையில் இருந்தது ஒரு கட்டுப் பழைய தாள்கள் மட்டும்தான்.

அந்தத் தாள்களின் கதைதான் இது. அதை எழுதியவரின் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாத பெண்

பீட்ரிக்ஸ் பாட்டர் 1866 ஜூலை 28 அன்று லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். தாத்தா துணிக்குச் சாயம் அச்சடிக்கும் பெரிய ஆலை வைத்திருந்தவர். அப்பா ரூபர்ட் வக்கீலுக்குப் படித்திருந்தாலும், அவருடைய மனமெல்லாம் புகைப்படக் கலையில்தான். ஓவியர் மில்லே அந்தக் குடும்பத்தின் நண்பர். அவருக்கு உதவியாக ரூபர்ட் படங்கள் எடுத்துத் தருவார்.

பணம் இருந்தது, ஆனால் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ரம் பள்ளிக்குப் போனான். அக்காவுக்கு வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் அதுதான் வழக்கம். தோழிகள் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. மேல் மாடியில் அக்காவும் தம்பியும் வளர்த்த முயல், எலி, பல்லி, தவளை, வௌவால், முள்ளெலி... இவைதான் கூட்டாளிகள். உயிரோடு இருக்கும்போது வரைவார்கள். செத்துப் போனால் அழுதுவிட்டு, அதை வேக வைத்து எலும்பைத் தனியே எடுத்து, எலும்புக்கூட்டையும் வரைவார்கள்! கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? ஆனால் அவருடைய முயல் கோட்டும் செருப்பும் போட்டிருந்தும் நிஜ முயலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். சட்டைக்குள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்று வரைந்த கைக்குத் தெரியும்.

அவர் எழுதிப் பாஸான பரீட்சை ஒன்று உண்டு. 1881ல் அரசின் அறிவியல் கலைத் துறை நடத்திய ஓவிய மாணவர் தேர்வு. அதில் என்ன பாடம் தெரியுமா? ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், செயல்முறை ஜியோமிதி, பெர்ஸ்பெக்டிவ்! நம்ம முதலாண்டு டிராயிங் ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பு என்று கையில் காட்ட அவரிடம் இருந்தது அந்தச் சான்றிதழ்தான்.

பூட்டிய எழுத்து

அதே சமயத்தில், பதினைந்து வயதையொட்டி, இன்னொரு வேலையும் தொடங்கினார். டைரி எழுதுவது. ஆனால் சாதாரண எழுத்தில் இல்லை. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதிலாக வேறொரு குறியைத் தானே வகுத்துக்கொண்டார். சில குறி கிரேக்க எழுத்து மாதிரி இருக்கும், சில நமக்குத் தெரிந்த எழுத்து மாதிரியே இருந்து ஏமாற்றும். 'டூ' என்று ஒலிக்கும் சொல் வந்தால் 2, 'ஃபார்' வந்தால் 4. இன்று நம்ம பசங்க செல்போனில் அனுப்பும் சுருக்கெழுத்து புதுசு என்று நினைக்கிறோம். அந்தப் பெண் 1881லேயே ஆரம்பித்துவிட்டார்!

1897 வரைக்கும், தம் முப்பது வயது வரை, இப்படியே எழுதினார். பழகப் பழகக் கை வேகமாக ஓடியது. எழுத்து பொடிப்பொடியாகிக்கொண்டே போனது. சில பக்கங்களில் ஆயிரம் சொல்லுக்கு மேல். மொத்தத்தில் சுமார் 2 லட்சம் சொற்கள். நோட்டுப் புத்தகம், தனித்தாள் என்று கிடைத்ததில் எல்லாம் எழுதினார். யாரிடமும் காட்டவில்லை.

காளானும் கதவும்

இருபது வயதைத் தாண்டியபோது அவருக்குக் காளான் மேல் ஆர்வம் வந்தது. கோடையில் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போகும். அங்கே சார்லஸ் மெக்கின்டாஷ் என்று ஒரு கிராமத் தபால்காரர். காடு மேடெல்லாம் நடந்தே தாவரங்களைக் கரைத்துக் குடித்தவர். 1892ல் இருவரும் சந்தித்தார்கள். அப்புறம் என்ன? அவர் காளானைப் பறித்துத் தபாலில் அனுப்புவார், இவர் வரைந்து ஒரு பிரதியை அவருக்குத் திருப்பி அனுப்புவார். பட்டம் வாங்காத இரண்டு பேர் தபால் வழியாக நடத்திய லேப் அது!

வரைவதோடு நிற்கவில்லை. காளானின் வித்துத்தூள் எப்படி முளைக்கிறது? அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து முளைக்க விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். பெரிய வேதியியல் அறிஞரான மாமா முறை உறவினர் சர் ஹென்றி ராஸ்கோ அவரைக் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பூங்கா இயக்குநர் அக்கறை காட்டவில்லை. பெண், அதுவும் வெளியாள். கேட்பாங்களா?

விடாமல் முயன்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்தார். 1897 ஏப்ரல் 1 அன்று அது லண்டன் லின்னேயன் சொசைட்டியின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் கியூவில் வேலை பார்த்த ஜார்ஜ் மாஸி. எழுதியவர் அங்கே இல்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமே கிடையாது! சில நாளில் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது அச்சாகவில்லை.

நண்பர்களே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரை இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. தலைப்பு மட்டும் சொசைட்டியின் பதிவில் இருக்கிறது. அவர் கண்டுபிடித்தது எவ்வளவு சரி, எவ்வளவு புதுசு என்று அறிஞர்கள் இன்றும் வாதம் செய்யலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லத் தாள் இல்லை. நூறு வருஷம் கழித்து, 1997ல், அவரைச் சரியாக நடத்தவில்லை என்று சொசைட்டி தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். வருத்தம் வந்து சேர்ந்தது, கட்டுரை வந்து சேரவில்லை.

கடிதம் புத்தகமானது

சரி, முயல் எங்கே வந்தது?

அவருக்குக் கடைசியாகப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியை ஆனி, இவரைவிட மூன்றே வயது மூத்தவர். கல்யாணமாகிப் போன பிறகும் நட்பு விடவில்லை. ஆனியின் மூத்த பையன் நோயல், ஐந்து வயது, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். 1893 செப்டம்பர் 4 அன்று பாட்டர் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத விஷயம் ஒன்றும் இல்லாததால் நான்கு முயல்குட்டிகளைப் பற்றி ஒரு கதை, பக்கத்துக்குப் பக்கம் படம். அவ்வளவுதான்!

ஏழு வருஷம் கழித்து, அதைப் புத்தகமாக்கலாம் என்று தோன்றியது. கையில் பிரதி இல்லை. அந்தப் பையனிடமே கேட்டார். நல்ல வேளை, அவன் பத்திரமாக வைத்திருந்தான்! கடனாக வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, கதையை வளர்த்து எழுதினார். ஒரு சின்னப் பையன் கடிதத்தைக் கிழித்துக் கப்பல் விட்டிருந்தால் பீட்டர் ராபிட் நமக்குக் கிடைத்திருப்பது சந்தேகம்தான்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. குழந்தையின் கைக்கு அடக்கமாகச் சின்னப் புத்தகம், குறைந்த விலை என்பது இவருடைய பிடிவாதம். யாரும் ஒத்துவராததால் 1901 டிசம்பரில் தன் காசைப் போட்டு 250 பிரதி அடித்தார். முகப்புப் படம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம். அது தீர்ந்து, மறுபடி 200 அடித்தார். அதற்குள் முதலில் மறுத்த பிரடெரிக் வார்ன் கம்பெனி இறங்கி வந்தது. படங்கள் வண்ணத்தில் வேண்டும் என்றது. அப்போது மூவண்ண அச்சு முறை நடைமுறைக்கு வந்திருந்த நேரம். ஒரே படத்தை வண்ண வடிகட்டிகள் வழியாகப் புகைப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று பிளாக் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பார்கள். பிரிண்டிங் டெக்னாலஜி நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1902 அக்டோபரில் 8,000 பிரதியுடன் வெளிவந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் 28,000 ஆகிவிட்டது! அடுத்த வருஷமே முயல் பொம்மை ஒன்றைத் தானே தைத்து, வடிவமைப்பை லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். வியாபாரத்திலும் கெட்டிக்காரர். ஆனால் கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவில் முதல் புத்தகத்துக்கு உரிமை பதிய விட்டுவிட்டார்கள். அங்கே கண்டவர்களும் அச்சடித்து விற்றார்கள். அவருக்கு அதில் ஒரு காசு வரவில்லை. ஒரு விண்ணப்பத் தாள் போடாததால் வந்த நஷ்டம் அது.

கண்ணீரும் மண்ணும்

கம்பெனி முதலாளிகளில் கடைசித் தம்பி நார்மன் வார்ன்தான் அவர் புத்தகங்களைக் கவனித்தவர். படத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் கடிதம் போய்ப் போய் வந்ததில் மனசும் ஒன்றுபட்டது. 1905 ஜூலையில் நார்மன் கல்யாணத்துக்குக் கேட்டார். இவருக்கு 39 வயது நிறையப் போகிற நேரம். வியாபாரம் செய்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று பெற்றோர் எதிர்த்தார்கள். பேரனார் துணி ஆலை வைத்துச் சம்பாதித்த பணத்தில் வாழ்கிற குடும்பம் இது! இருந்தும் பாட்டர் மோதிரம் போட்டுக்கொண்டார். ஒரே மாதம். ஆகஸ்டு 25 அன்று நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்து போனார்.

உடைந்து போய் உட்கார்ந்துவிடவில்லை. அதே வருஷம், புத்தகத்தில் வந்த பணத்தையும் உறவினர் விட்டுச்சென்ற சிறு தொகையையும் போட்டு, இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்டத்தில் நியர் சாவ்ரி என்ற கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அந்த வீடும் தோட்டமும் வேலியும் அப்படியே அவர் கதைகளுக்குள் வந்துவிட்டன. 1913ல், 47 வயதில், நிலம் வாங்கும்போது உதவிய வக்கீல் வில்லியம் ஹீலிஸை மணந்தார். அதன் பிறகு ஊருக்கு அவர் எழுத்தாளர் இல்லை, திருமதி ஹீலிஸ். சேறும் சகதியுமாக ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடக்கிற அம்மா. அந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் இன ஆடுகளை வளர்த்துக் கண்காட்சிகளில் பரிசு வாங்கினார். 1943ல் அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்தின் அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார இருந்த முதல் பெண். பதவி ஏற்பதற்குள், 1943 டிசம்பர் 22 அன்று காலமானார்.

4,000 ஏக்கருக்கு மேல் நிலம், பண்ணை வீடுகள், ஆடுகள்... எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பொது அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார். பிளாட் போட்டு விற்கக் கூடாது, பண்ணை பண்ணையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த ஏரி மாவட்டம் 2017ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பூட்டு திறந்த இரவு

இப்போது நம்ம பொறியாளர் வருகிறார். லெஸ்லி லிண்டர். 1904ல் பிறந்தவர். பாட்டரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. குழந்தைகள் நூலகம் ஒன்றுக்குப் புத்தகம் சேர்க்கப் போய், பாட்டரின் படங்களில் மனதைப் பறிகொடுத்துச் சேகரிக்க ஆரம்பித்தவர். 1952ல் பாட்டரின் உறவினர் ஒருவர், வீட்டில் புரியாத எழுத்தில் ஒரு கட்டுத் தாள் கிடக்கிறது என்று அவரிடம் சொன்னார்.

லிண்டர் உட்கார்ந்தார். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை, வருஷக்கணக்கில்! ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் 1958 ஈஸ்டர் திங்கட்கிழமை, இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று எடுத்தார். ஒரு தாளில் ரோமன் எண் 16ம், 1793 என்ற ஆண்டும் இருந்தன. எந்த ராஜாவாக இருக்கும்? தேடினார். பிரான்சின் பதினாறாம் லூயி! 1793ல் தலை வெட்டப்பட்டவர். அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லில் இரண்டாவது எழுத்து 'எக்ஸ்'. அப்படியானால் அது 'எக்ஸிகியூட்டட்', அதாவது மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்ற சொல்லாக இருக்குமோ? வைத்துப் பார்த்தார், பொருந்தியது! ஒரே சொல்லில் ஆறு எழுத்துக் கிடைத்துவிட்டது. அந்த ஆறை வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது. நள்ளிரவுக்குள் கிட்டத்தட்ட முழு அகரவரிசையும் கையில்!

ஃபால்ட் கண்டுபிடிக்கிற வேலையும் இதுதானே? தெரிந்த ஒரு புள்ளியைப் பிடி, அங்கிருந்து ஒவ்வொன்றாக நகரு. பூட்டைத் திறந்த பிறகும் வேலை முடியவில்லை. பொடி எழுத்தையெல்லாம் பெயர்த்து எழுதப் பல வருஷம் ஆனது. 1966ல், பாட்டர் பிறந்த நூறாவது ஆண்டில், டைரி புத்தகமாக வந்தது.

உள்ளே என்ன ரகசியம் இருந்தது? காதலா, களவா? ஒன்றுமில்லை. கண்காட்சியில் பார்த்த ஓவியம் நன்றாக இருந்ததா இல்லையா, அரசியலில் யார் என்ன செய்தார், வளர்த்த முயல் என்ன சேட்டை செய்தது... இப்படித்தான். ஒரு பெண் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்ளவே பூட்டு தேவைப்பட்டிருக்கிறது. அதுதான் அந்த டைரி சொல்லும் பெரிய செய்தி என்று எனக்குப் படுகிறது. பெரிய ஓவியர்களின் படங்களைக் கண்டு பயப்படாமல் எடை போட்டு எழுதிப் பழகிய அந்தப் பதினாறு வருஷம்தான், ஓவியரை எழுத்தாளராக்கியது. பின்னால் அவர் கதைகளில் ஒரு சொல்கூட வீணாக இல்லாததற்கு இந்தப் பயிற்சிதான் காரணம்.

தாள்கள் பேசுகின்றன

1973ல் லிண்டர் மறைந்தார். அவர் சேர்த்த 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள், கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள் எல்லாம் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இருந்த தாள்களிலிருந்து, பாட்டர் 1914ல் எழுதி, படம் முடிக்காமல் விட்ட ஒரு பூனைக் கதை 2016ல் புத்தகமாக வந்தது. ஆசிரியர் இறந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகியும் புதுப் புத்தகம்!

காளான் படங்கள்? அவற்றை ஏரி மாவட்டத்திலேயே ஆம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1967ல் ஒரு காளான் நிபுணர் தாம் எழுதிய காளான் கையேட்டுக்கு அந்தப் படங்களில் 59ஐ எடுத்துக்கொண்டார். கியூவில் கதவைச் சாத்தினார்கள். ஆனால் இடம், தேதி குறித்து வைத்த தாள் எழுபது வருஷம் பொறுத்திருந்து வேறு கதவு வழியாக உள்ளே போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுரை தொலைந்தது, அதோடு அவர் வாதமும் தொலைந்தது. படங்கள் நின்றன, அவருடைய கண்ணும் கையும் எப்பேர்ப்பட்டவை என்று இன்றைக்கும் சாட்சி சொல்கின்றன.

நம்மில் பலருக்கு வீட்டிலேயே ஒரு குறை காதில் விழுந்திருக்கும். டிப்ளமோதானே, டிகிரி இல்லையே என்று. பாட்டரிடம் அதுகூட இல்லை. அவரிடம் இருந்தது செய்த வேலையும், அந்த வேலைக்கு அத்தாட்சியாகத் தாளும். ஷீட்டில் டைட்டில் பிளாக் போடு, பெயர் எழுது, தேதி எழுது, ஸ்கேல் எழுது என்று நம்ம ஆசிரியர்கள் உயிரை எடுக்கிறார்களே, அது மார்க்குக்கு மட்டும் இல்லை. நாம் செய்ததை நாம் செய்தோம் என்று நாளைக்குச் சொல்ல வேறு யாரும் வர மாட்டார்கள். தாள்தான் வரும்.

செமஸ்டர் முடிந்ததும் ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் ஸ்கெட்ச், வொர்க்‌ஷாப் டைரி எல்லாவற்றையும் கட்டிக் கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போடுவது நம்ம ஊர் வழக்கம். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டி, நீங்களே யோசித்து நீங்களே வரைந்ததை மட்டும் உருவி எடுத்து, தேதி போட்டு வீட்டுப் பெட்டியில் வையுங்கள். எந்தத் தாள் எப்போது பேசும் என்று யாருக்குத் தெரியும்?

அப்படியே இந்த ஆண்டு மலரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்